வீட்டுக்காரர் பன்னிரண்டு டு நாலு

என் வீட்டுக்காரர் குழந்தைவேலுவுக்குக் கடலைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. போர்ட் பிளேரில் ஜெட்டிக்குப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்து, இருபத்துநாலு வருஷமாகக் கப்பல்களைப் பற்றி வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். இப்போது ஹெட் கிளார்க். டெலானிபூர் குவார்ட்டர்ஸ் பால்கனியில் பனியனோடு நின்று வானத்தைப் பார்த்து, "காத்து நார்த்-ஈஸ்ட்டுக்குத் திரும்பிருச்சு" என்பார். அப்படியானால் துணி காயப்போடலாமா என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

நான் அலமு. அரசுப் பள்ளி ஒன்றில் கெமிஸ்ட்ரி லேப் அஸிஸ்டன்ட். எனக்குக் கடலைப் பற்றி எதுவும் தெரியாது என்பது எங்கள் வீட்டில் முடிவான விஷயம்.

மார்ச் பதினாறாம் தேதி சென்னையில் எங்கள் பெண் கார்த்திகாவுக்கு வளைகாப்பு. போயாக வேண்டும். அந்த வாரம் கிளம்பவேண்டிய மெயின்லேண்ட் கப்பல் ரிப்பேருக்குப் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு டிக்கெட் வாங்க இவர் தாமே கிளம்பினார். கவுண்டரில் இவருக்கு எல்லாரையும் தெரியும். டிக்கெட்டுக்குத்தான் இவரைத் தெரியவில்லை. ஃப்ளைட்டிலும் இடம் இல்லை.

அப்போதுதான் அபர்டீன் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜெய்னுலாப்தீன் பாய் ஒரு யோசனை சொன்னார். அவருடைய மகள் ஜஸ்னா 'வாயுமித்ரா' என்கிற பாய்மரக் கப்பலில் வேலை பார்க்கிறாள். காலேஜ் பிள்ளைகளுக்குக் கப்பலோட்டப் பயிற்சி கொடுக்கிற கப்பல். எட்டாம் தேதி இங்கிருந்து சென்னைக்குத் திரும்புகிறது. சில இடங்கள் காலியாக இருக்கின்றன, பதினெட்டிலிருந்து அறுபது வயது வரை யாரும் வரலாம்.

"கேபின் தருவாங்க. டெக்குல சேர் போட்டு உக்காந்து, டீ குடிச்சுக்கிட்டே போகலாம். ஆறு நாள்" என்றார் இவர்.

கேப்டன் சொன்னது, "காற்று இருந்தால் ஆறு நாள்." இவர் காதில் பின்பாதி மட்டும்தான் விழுந்தது.

ஃபாரத்தை இவரே இரண்டு பேருக்கும் நிரப்பினார். அதில் ஒரு கேள்வி, நீந்தத் தெரியுமா. தனக்கு 'ஆம்', எனக்கு 'இல்லை' என்று டிக் போட்டார். நான் பத்தடி தள்ளி சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருஷ வழக்கத்தை ஒரு ஃபாரத்துக்காக மாற்றுவது நியாயமில்லைதான். இரண்டு டிக்கும் தப்பு. நான் பார்க்க, கணுக்காலுக்கு மேல் இவர் கடலில் நனைந்ததே கிடையாது. நான் பிறந்தது அம்பாசமுத்திரத்தில், ஆற்றங்கால்வாயை ஒட்டின வீட்டில்.

கப்பலில் கேபின் இருந்தது. கேப்டனுக்கு. எங்களுக்குக் கீழ்த்தளத்தில், புத்தக அலமாரித் தட்டு அகலத்தில் ஆளுக்கொரு பலகை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். டெக்கில் சேர் என்று ஒன்றுகூட இல்லை.

கேப்டன் சந்திரமோகன் நேவியில் இருந்து ரிட்டயரானவர், கோயம்புத்தூர்க்காரர். எங்களை வரிசையில் நிற்கவைத்து, "இந்தக் கப்பல்ல பாசஞ்சர்னு யாரும் கிடையாது. எல்லாரும் வேலை செய்யணும்" என்றார். காலேஜ் பிள்ளைகள் பதினாலு பேரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர், அது பிள்ளைகளுக்குச் சொன்னது என்று எனக்கு விளக்கினார்.

பிறகு எங்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. இதற்கு வாட்ச் என்று பெயர். இவருக்குப் பகலிலும் இரவிலும் பன்னிரண்டு டு நாலு. எனக்கு நாலு டு எட்டு. ஆக, அவர் வேலை முடிந்து போகும்போது நான் வேலைக்கு வருவேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்வோம். கல்யாணமானபோதே யாராவது இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்திருக்கலாம்.

இவருடைய வாட்ச்சுக்குத் தலைவி ஜஸ்னா. இருபத்தாறு வயது, பாதி ஆள் எடை. முதல் நாள் மதியம், "ட்ரெய்னி குழந்தைவேலு, அந்தக் கயிறைச் சுருட்டி மாட்டுங்க" என்றாள்.

"ஏம்மா ஜஸ்னா, நான் யாருன்னு தெரியலையா?"

"தெரியாம என்ன? கடைக்கு வந்தா அங்கிள். இங்கே ட்ரெய்னி. சலோ, ஜல்தி."

சுருட்டினார். ஜஸ்னா அதை அவிழ்த்துப் போட்டு மறுபடி சுருட்டச் சொன்னாள். மூன்றாவது தடவை, தன் ஆபீசில் ரோப் சம்பந்தமான ஃபைல்களையே தான்தான் பார்ப்பதாகத் தெரிவித்தார். நாலாவது தடவையும் சுருட்டினார்.

கயிறு விஷயத்தில் இன்னொன்று. அந்தக் கப்பலில் நூற்றுச்சொச்சம் கயிறு உண்டு, ஆனால் எதற்கும் கயிறு என்று பெயர் கிடையாது. 'ஷீட்' என்றார்கள், துணி என்று நினைத்து நான் அண்ணாந்து பாயைப் பார்த்தேன். அதுவும் கயிறுதானாம். காலை எட்டு மணிக்கு 'ஹேப்பி அவர்' என்று மணி அடித்தார்கள். டிபனோடு ஏதோ ஸ்பெஷல் என்று நினைத்து இவர் முதல் ஆளாகப் போய் நின்றார். கப்பல்காரர்கள் கக்கூஸ் கழுவுகிற நேரத்துக்கு வைத்திருக்கும் பெயராம் அது. முதல் ஆளாக வந்ததால் பிரஷ்ஷை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை இவருக்குக் கிடைத்தது.

ரட்லண்ட் தீவைத் தாண்டி மேற்கே திரும்பியதும் காற்று வந்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடலைப் பற்றி எல்லாம் தெரிந்த என் வீட்டுக்காரர், சாய்ந்த பக்கமே உட்கார்ந்து வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் அப்படித்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பது வருஷமாக அம்மோனியாவையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் மோந்தவளுக்கு வங்காள விரிகுடா என்ன பெரிய வாசனை.

அப்படியும் ஜஸ்னா இவரைச் சும்மா விடவில்லை. வாளியைப் பக்கத்தில் கட்டிவைத்துவிட்டு சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னாள். வாட்ச் மாறும்போது ஒரு சடங்கு உண்டு. சக்கரம் பிடித்திருப்பவர் போகவேண்டிய திசையைச் சொல்லவேண்டும், வாங்கிக்கொள்பவர் அதையே திருப்பிச் சொல்லவேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு நான் மேலே வந்தேன். இவர் முகம் வெண்டைக்காய் நிறத்தில் இருந்தது.

"கோர்ஸ் டூ எயிட் ஜீரோ" என்றார்.

"டூ எயிட் ஜீரோ" என்றேன்.

இவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் நான் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. இவருக்கே சந்தேகமாகப் போய், ஜஸ்னாவைத் திரும்பிப் பார்த்தார்.

சக்கரம் எனக்குப் பிடித்துப்போயிற்று. பிள்ளைகள் கப்பல் ஒரு பக்கம் போனால் சக்கரத்தை எதிர்ப்பக்கம் முழுசாகத் திருப்புவார்கள். கப்பல் பாம்பு மாதிரி நெளியும். லேபில் ப்யூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாக விடுகிறவளுக்கு அந்த அவசரம் வராது. ஒரு சொட்டு, காத்திரு, இன்னொரு சொட்டு. அவ்வளவுதான் விஷயம். கேப்டன் சந்திரமோகன் வந்து பின்னால் கப்பல் போன தடத்தைப் பார்த்தார்.

"அம்மா ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி ஓட்டுறாங்களே. இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லைங்க. வீட்டுல இவர் ஒருத்தரைத்தான்."

இது இவர் காதுக்கு எட்டியது. அன்றைக்குச் சமையல் கட்டில் இவருக்கு வெங்காயம் உரிக்கிற முறை. சமையற்காரர் முத்துவீரனிடம், பெண்களுக்குச் சக்கரம் கொடுப்பது பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதா என்று பார்க்கவேண்டும் என்றிருக்கிறார். முத்துவீரன், "முதல்ல வெங்காயத்தைப் பாருங்க சார். ஒரு மணி நேரமா எட்டு உரிச்சிருக்கீங்க" என்றாராம்.

நாலாம் நாள் மதியம் காற்று செத்தது. ஏதோ மெதுவாகக் குறைந்தது என்றில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. பாய்கள் பிழியாத வேட்டி போலத் தொங்கின. கடல் கண்ணாடித் தட்டாகக் கிடந்தது. கப்பல் எங்கும் போகாமல், ஆனால் ஆடுவதை மட்டும் விடாமல் இருந்தது. ஐந்தாம் நாள் முழுக்க அப்படியே. காலையில் முத்துவீரன் கொட்டிய முட்டை ஓடுகள் சாயங்காலமும் எங்களுக்குப் பக்கத்திலேயே மிதந்தன.

இவருக்கு இப்போது வயிறு சரியாகிவிட்டது. அதனால் வாய் வந்துவிட்டது. "இன்ஜின் இருக்குல்ல? போடச் சொல்லு. பதினாறாம் தேதி வளைகாப்பு" என்றார் என்னிடம், நான்தான் சாவியை இடுப்பில் செருகி வைத்திருப்பதுபோல.

கேப்டனிடம் கேட்டார். டீசல், துறைமுகத்துக்குள் நுழையவும் விளக்கெரிக்கவும்தான். இது பாய்மரப் பயிற்சி, காற்றுக்குக் காத்திருப்பதும் பயிற்சிதான் என்று பதில் வந்தது. சும்மா இருப்பாரா? ஒரு பையனின் நோட்டிலிருந்து தாள் கிழித்து மனு எழுதினார். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் இருந்தது. 'பொருள்: இன்ஜின் இயக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.' அதில் பன்னிரண்டு பாரா. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு பிள்ளைகளிடம் சுற்றுக்கு விட்டார்.

ஒருத்தரும் போடவில்லை. பிள்ளைகளுக்கு அந்த நாள் சொர்க்கமாக இருந்தது, பாயின் நிழலில் படுத்து அந்தாக்ஷரி பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீயாவது போடு."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லைங்க."

"உன் பொண்ணுக்கு வளைகாப்புடி!"

"தெரியும். நான் கையெழுத்துப் போட்டா காத்து வருமா?"

உண்மையைச் சொன்னால், எனக்குக் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. பெண் அங்கே தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இங்கே நான், அடுத்த நாலு மணி எப்போது வரும், சக்கரம் எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கிறேன். என்னிடம் ஐந்து நாளாக யாரும் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கவில்லை. அந்த ருசி லேசில் விடாது.

மனு தனியாகவே கேப்டனிடம் போயிற்று. அரை மணியில் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில், 'பார்த்தேன். கோப்பில் வைக்கவும்.' இவர் வாழ்நாளில் எத்தனையோ பேர் மனுவில் எழுதிய வரி. தன்னுடையதில் முதல் தடவையாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாட்டிலைட் போனில் கார்த்திகாவுக்குத் தகவல் மட்டும் அனுப்பினார்கள், தாமதமாகும் என்று.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு, எல்லாரும் வெயிலில் வாடிப்போயிருந்தபோது கேப்டன் ஒரு அறிவிப்புச் செய்தார். கப்பல் நிற்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது, நீந்தத் தெரிந்தவர்கள் இறங்கிக் குளிக்கலாம். சின்னப் படகை இறக்கினார்கள், கயிற்றேணி போட்டார்கள். ஜஸ்னா ஃபாரங்களைப் பார்த்துப் பெயர் வாசித்தாள்.

"குழந்தைவேலு."

இவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "எனக்கு லேசா ஜுரம் மாதிரி இருக்கு. உப்புத் தண்ணி ஆகாது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜஸ்னா பட்டியலை முடித்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"என் பேரை வாசிக்கலையேம்மா."

"உங்க ஃபாரத்துல 'இல்லை'ன்னு இருக்கே ஆன்ட்டி."

"அது என் கையெழுத்து இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். கீழ்த்தளத்துக் கதவைப் பார்த்தாள். வாயோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. முதலில் லைஃப் ஜாக்கெட்டோடு ஏணியில் இறக்கினாள். படகைச் சுற்றி இரண்டு தடவை நீந்திக் காட்டினேன். அதற்குப் பிறகு ஜாக்கெட்டைக் கழற்றலாம் என்று கேப்டன் தலையாட்டினார். நான் மேலே ஏறி வந்தேன், சுடிதார் துப்பட்டாவை ஒரு பெண்ணிடம் கொடுத்தேன், கைப்பிடிக் கம்பியைத் தாண்டி நின்று குதித்தேன்.

கால்வாயில் குதித்து முப்பது வருஷம் இருக்கும். இது கால்வாய் இல்லை. மூவாயிரம் மீட்டர் ஆழம் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்தால் கீழே நீலம், அதற்குக் கீழே இன்னும் நீலம். பயமாக இருந்தது. அதைவிட நன்றாக இருந்தது.

பிள்ளைகள் கூச்சல் போட்டது கீழே கேட்டிருக்கிறது. "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று அவர்கள் கத்தினது உற்சாகத்தில். இவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. ஜுரக்காரர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்து எட்டிப் பார்த்தார். தண்ணீரில் என் தலை மட்டும் தெரிந்திருக்கிறது.

"அலமூ!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கம்பியில் மாட்டியிருந்த மிதவை வளையத்தைப் பிய்த்து வீசினார். அது என்னை விட்டு இருபதடி தள்ளி விழுந்தது. அதோடு ஆபத்துக் காலத்தில் இடம் காட்டுவதற்கான புகைக் குடுவையும் கட்டியிருந்தது. அது சீறிக்கொண்டு ஆரஞ்சுப் புகையைக் கக்க ஆரம்பித்தது. காற்றே இல்லாத கடலில் புகை எங்கே போகும்? எங்கள் மேலேயே கவிந்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டே போனில் படம் எடுத்தார்கள்.

புகை கொஞ்சம் விலகின இடத்தில் நான் பார்த்தேன். இவர் ஒரு காலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தார். மற்ற காலையும் தூக்கிக்கொண்டிருந்தார். கண்ணை இறுக்க மூடியிருந்தார். பின்னாலிருந்து ஜஸ்னா இவருடைய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள்! அரே, அங்கிள்! ஆன்ட்டி நீந்துறாங்க! பாருங்க, நீந்துறாங்க!"

கப்பலில் அவள் இவரை அங்கிள் என்றது அந்த ஒரு தடவைதான்.

நான் ஏணியில் ஏறி வந்தபோது இவரை டெக்கில் உட்கார வைத்திருந்தார்கள். கேப்டன் எதிரில் நின்றிருந்தார்.

"மிஸ்டர் குழந்தைவேலு, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"ஃபாரத்துல இருக்கு சார்."

"ஃபாரத்தைக் கேக்கலை."

இவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியாது சார்."

"தெரியாம எதுக்குய்யா குதிக்கப் போனீங்க?"

"அவளுக்கும் தெரியாதுன்னு நெனச்சேன் சார்."

புகைக் குடுவையை வீணாக்கினதற்கும் ஃபாரத்தில் பொய் எழுதினதற்கும் சேர்த்து, சென்னை வரை தினமும் ஹேப்பி அவர் இவருக்கே என்று கேப்டன் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நான் சக்கரத்தடிக்கு வந்தேன். அசையாத கப்பலுக்கும் ஒருவர் சக்கரம் பிடிக்கவேண்டும் என்பது ஜஸ்னாவின் சட்டம். இவர் திசையைச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். வழக்கமாகக் கீழே போகிறவர் போகவில்லை.

"எப்போ கத்துக்கிட்டே?"

"ஏழு வயசுல."

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கவே இல்லையே."

"இருபத்தாறு வருஷமா பீச்சுக்குப் போறோம். செருப்பைக் கையில வச்சுக்கிட்டு என் பக்கத்துலயே நின்னியே!"

"உங்க செருப்பும் என் கையிலதானே இருந்துச்சு. அதை எங்க வச்சிட்டு நீந்துறது?"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த மனிதர் வாயெடுத்து மூடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கம்பி மேல் கிடந்த அந்தக் கால் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தெரியாத கடலில் குதிக்கத் தெரிந்தவருக்கு, தெரிந்த பெண்டாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

"ஜுரம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"போடி" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

ஏழாம் நாள் விடியும்போது காற்று வந்துவிட்டது. மனுவின் பேரில் நடவடிக்கை எடுக்கப்பட்டதாக இவர் முத்துவீரனிடம் சொன்னார். பிறகு கப்பல் நிற்கவே இல்லை. ஆனாலும் பதினேழாம் தேதி மதியம்தான் சென்னையைத் தொட்டோம். வளைகாப்பு முந்தின நாளே முடிந்திருந்தது.

பெரம்பூரில் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். சம்பந்தி ஸ்ரீதர் மரியாதையான மனிதர், மரியாதையாகவே குத்துவார். "கப்பல் ஆபீசர் நீங்களே லேட்டா வந்தா எப்படி?" என்று ஆரம்பித்தார். ஹால் முழுக்க உறவுக்காரர்கள். ஒன்பது வகைச் சாதம் மீந்திருந்தது. கார்த்திகா கை நிறைய வளையலோடு, முகம் நிறையக் கோபத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

இவர் செருமிக்கொண்டார். எனக்கு அந்தச் செருமல் தெரியும். இவர் சொல்லப்போகும் கதையில் புயல் வரும், இவரே சக்கரத்தைப் பிடிப்பார், கேப்டன் கைகுலுக்குவார் என்று எதிர்பார்த்து, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"காத்து நின்னு போச்சு. ஒண்ணும் பண்ண முடியலை" என்றார். "அலமுதான் நல்லா ஓட்டினா. கேப்டனே சொன்னாரு. அப்புறம் நடுக்கடல்ல குதிச்சு நீந்துனா. எனக்கு நீச்சல் தெரியாது. மேல நின்னு கத்தினேன்."

சம்பந்தி அம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்கள். நான் நடுக்கடலில் குதித்ததைப் பற்றி அவர்களுக்குக் கேட்க எவ்வளவோ இருந்திருக்கும். யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"அங்க பாத்ரூம் வசதியெல்லாம் எப்படி?"

இவர் முகம் மலர்ந்தது. அந்த விஷயத்தில் கப்பலிலேயே இவரை விட்டால் ஆள் கிடையாது. கக்கூஸுக்குத் தண்ணீர் இறைக்கிற கைப்பம்ப்பை எப்படிப் பிடிக்கவேண்டும், எத்தனை தடவை அடிக்கவேண்டும் என்று எழுந்து நின்று செய்து காட்ட ஆரம்பித்தார். நான் கார்த்திகாவை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவளுக்குக் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் ஆர்வம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. நான் புகைக் குடுவையிலிருந்து பெல்ட் வரை சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மெதுவா சிரி. குழந்தை பயந்துக்கும்."

"அம்மா, அப்பா நிஜமாவே குதிக்கப் பாத்தாரா?"

"ஒரு கால் அந்தப் பக்கம் போயிருச்சு."

"நீச்சல் தெரியாம?"

"ஆமா."

அவள் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹாலில் இவர் குரல் பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தது.

"குதிச்சிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

"என்ன பண்றது? இழுத்துட்டு வந்திருக்கணும். எழுபத்தெட்டு கிலோ. நல்லவேளை, ஜஸ்னா பிடிச்சா."